வயித்துக்குள்ள ஃபயர் அலாரம்!

காலையில எட்டரை மணி காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல டிபன் கட். பத்தரை மணி பிரேக்ல கேன்டீன் டீ, ரெண்டு பிஸ்கட். மதியம் மெஸ்ல மலை மாதிரி வெள்ளைச் சோறு, மேல தண்ணியா சாம்பார், ஓரத்துல பேருக்கு ஒரு ஸ்பூன் பொரியல். சாயங்காலம் சமோசா, கூடவே ஒரு கூல்டிரிங்க்ஸ். ராத்திரி? வேற என்ன... பரோட்டா, சால்னாதான்!

என்ன பாஸ், உங்க மெனுவை அப்படியே ஒப்பிச்சுட்டேனா? தமிழ்நாட்டுல எந்த ஹாஸ்டல் கதவைத் தட்டினாலும் கிட்டத்தட்ட இதே டைம் டேபிள்தான்.

'கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசு'ன்னு உங்க பாட்டி சொல்லியிருப்பாங்க. கரெக்ட். செரிக்கும். செரிச்ச பிறகு உள்ளே என்ன நடக்குதுங்கறதுதான் இந்த வார மேட்டர்!

முதல்ல ஒரு கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதிச்சு, 2023-ல் முடிவை வெளியிட்டாங்க. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. அந்த வாசல்படியில் நிற்கிறவர்கள், அதாவது 'ப்ரீ டயபடீஸ்' கேஸ்கள், இன்னொரு 13.6 கோடி. தமிழ்நாட்டுல 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். பக்கத்து வீட்டு கேரளாவில் 25.5, புதுச்சேரியில் 26.3 சதவீதம்!

இதுல கவனிக்க வேண்டிய விஷயம்... அந்த சர்வே எடுத்தது 20 வயசு நிரம்பினவங்ககிட்ட. அதாவது நாமும் அந்த லிஸ்ட்ல சேர்த்திதான். 'அதெல்லாம் அப்பா வயசுக்காரங்க சமாசாரம்'னு இனிமே ஒதுங்க முடியாது!

அலாரம் அடிக்குது... அணைக்க ஆள் இல்லை!

ஃபுட்பால் ஆடும்போது விழுந்து முட்டியைத் தேய்ச்சுக்கிட்டா என்ன ஆகும்? சிவக்கும், வீங்கும், சூடாகும், வலிக்கும். இதுக்குப் பேர்தான் அழற்சி. டாக்டர்கள் பாஷையில் இன்ஃப்ளமேஷன். கிருமி உள்ளே வந்திருக்கலாம்னு உடம்பு அடிக்கிற ஃபயர் அலாரம் அது. சத்தம் கேட்டதும் வெள்ளை அணுக்கள் ஓடி வரும், கிருமியை ஒழிக்கும், பாதிக்கப்பட்ட இடத்தைச் சுத்தம் பண்ணும். வேலை முடிஞ்சதும் அலாரம் ஆஃப். இது நல்ல அழற்சி. இது இல்லைன்னா ஒரு முள் குத்தினாலே நாம காலி!

பிரச்னை, இன்னொரு வகையில. சத்தம் ரொம்பக் கம்மி. வீக்கம் இல்லை, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனா, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். இதைத்தான் நாள்பட்ட அழற்சின்னு சொல்றாங்க.

யார் அந்த ஸ்விட்ச்சை அழுத்தறது? பல காரணங்கள் உண்டு. அதுல முக்கியமான குற்றவாளி, வயித்துக்குள்ள குடல், கல்லீரலைச் சுத்தி சேர்ற கொழுப்பு. கொழுப்புன்னா சும்மா கிடக்கிற கோணி மூட்டைன்னுதான் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 1993-ல் கோகான் ஹோதாமிஷ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மேன் உள்ளிட்ட அமெரிக்க விஞ்ஞானிகள் குண்டு எலிகளின் கொழுப்பை ஆராய்ச்சி பண்ணினாங்க. 'டி.என்.எஃப். ஆல்ஃபா'ன்னு ஒரு அழற்சிப் பொருள் அங்கிருந்து தாராளமா கிளம்பறது தெரிஞ்சது. மூட்டை, மூட்டை இல்லை... அது ஒரு ஃபேக்டரி! கொழுப்பு பெருகப் பெருக, நோய் எதிர்ப்பு அணுக்களே அங்கே டேரா போட்டு உட்கார்ந்துடுதுன்னு 2003-ல் கண்டுபிடிச்சாங்க.

இங்கிருந்துதான் சிக்கல் ஆரம்பம். சாப்பாட்டிலிருந்து வர்ற குளுக்கோஸ், தசைக்குள்ளே போக இன்சுலின்னு ஒரு சாவி வேணும். அழற்சிப் பொருட்கள் போய் அந்தப் பூட்டைத் துரு பிடிக்க வைக்குது. சாவி சரியாத்தான் இருக்கு, பூட்டுதான் மக்கர் பண்ணுது! கணையம் என்ன பண்ணும், பாவம்? ஒரு சாவிக்கு ரெண்டு சாவியா தயார் பண்ணி அனுப்பும். கொஞ்ச வருஷம் சமாளிக்கும். அப்புறம் அதுவும் களைச்சுடும். அன்னிக்குத்தான் லேப் ரிப்போர்ட்ல சர்க்கரை எகிறும். அதாவது, ரிப்போர்ட் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே, ஒருவேளை காலேஜ் படிக்கும்போதே, கதை ஆரம்பிச்சுடுது.

அதே அலாரம் ரத்தக் குழாய்ச் சுவர்லயும் அடிக்கும். அங்கே கொலஸ்ட்ரால் படியறதும், படிஞ்சது திடீர்னு வெடிச்சு மாரடைப்பு வர்றதும் அழற்சியோட துணையிலதான். கல்லீரல்ல கொழுப்பு சேர்றதுக்கும் இதோட சம்பந்தம் உண்டு. ஹாஸ்டல்ல நிறைய பெண்கள் வெளியே சொல்லாம அவதிப்படற பி.சி.ஓ.எஸ். பிரச்னையிலும், இந்தத் துருப்பிடிச்ச இன்சுலின் பூட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு.

'நான்தான் ஒல்லியாச்சே!'

நில்லுங்க... நில்லுங்க! 'இதெல்லாம் குண்டா இருக்கிறவங்களுக்கு. என் ஜீன்ஸ் சைஸ் இருபத்தெட்டு'ன்னு பக்கத்தைத் திருப்பப் போற பார்ட்டிகளுக்குத்தான் இந்தப் பகுதி.

2004-ல் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழ்ல ஒரு போட்டோ வந்தது. ரெண்டு டாக்டர்கள் பக்கத்துல பக்கத்துல நிற்கிறாங்க. ஒருத்தர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். இன்னொருத்தர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். எடையை உயரத்தோடு ஒப்பிடுற பி.எம்.ஐ. அளவு ரெண்டு பேருக்குமே சொல்லி வெச்ச மாதிரி 22.3. ரெண்டு பேரும் பார்க்க ஒல்லி. ஆனா, கருவியில உடம்புக் கொழுப்பை அளந்தா, யட்கினுக்கு 9.1 சதவீதம். நம்ம யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! ரெண்டு மடங்குக்கும் மேல!

இதுதான் இந்திய உடம்போட ரகசியம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. கை, கால் குச்சியா இருக்கும். தொப்பை மட்டும் சட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். தசை கம்மி, வயித்துக்குள்ள கொழுப்பு ஜாஸ்தி. அதனாலதான் ஐரோப்பியர்களுக்கு பி.எம்.ஐ. 25 தாண்டினா எச்சரிக்கைன்னா, நமக்கு 23-லேயே விசில் ஊதிடறாங்க. எடை மெஷின் உங்ககிட்ட பொய் சொல்லலாம் பாஸ்... டேப் சொல்லாது! (டேப் விவரம் கடைசி பெட்டியில்.)

தட்டு டு அலாரம்... ரூட் மேப்!

சரி, சாப்பாட்டுக்கும் இந்த அலாரத்துக்கும் என்ன கனெக்‌ஷன்? நாலு ரூட் இருக்கு.

ரூட் நம்பர் 1: வெள்ளை மலை. தவிட்டை உரிச்ச அரிசி, மைதா... ரெண்டுமே வேகமா குளுக்கோஸா மாறி ரத்தத்துக்குள்ள குதிக்கும். மிச்சமானதைக் கல்லீரல் கொழுப்பா மாத்தி ஸ்டாக் பண்ணும். இந்தியர்களுக்குக் கிடைக்கிற சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருதுன்னு 2025-ல் வெளியான அதே ஆய்வுக் குழுவோட இன்னொரு கட்டுரை சொல்லுது. அதுல நம்ம வீட்டு நம்பிக்கை ஒண்ணுக்கும் ஆப்பு இருக்கு. 'சோத்தை விட்டுட்டேன், சப்பாத்திக்கு மாறிட்டேன்'னு பெருமையா சொல்றவங்களைப் பார்த்திருப்பீங்க. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காம, வெள்ளை அரிசிக்குப் பதிலா கோதுமை மாவு, சிறுதானிய மாவுன்னு மாறினா மட்டும் ரிஸ்க் குறையறதா தெரியலையாம். மாவுச்சத்துல ஒரு சின்னப் பங்கை எடுத்துட்டு, அந்த இடத்துல பருப்பு, பால் மாதிரி புரதத்தை வெச்சாத்தான் ரிஸ்க் குறையுதாம். ஆறு சப்பாத்தியும் ஒரு மலைதான் மச்சி!

ரூட் நம்பர் 2: குடிக்கிற சர்க்கரை. ஒரு நாளைக்கு நாலு டீ. டீக்கு ரெண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு அஞ்சு கிராம்னு வெச்சுக்கிட்டா, 40 கிராம். கூடவே 300 மில்லி கோலா அடிச்சா இன்னொரு 30 கிராமுக்கு மேல. மொத்தம் 70-ஐத் தாண்டிடுச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற நல்ல அளவு? ஒரு நாளைக்கு சுமார் 25 கிராம். எங்கேயோ போயிட்டீங்க! அதுலயும் திரவமா போற சர்க்கரைக்கு வயிறு 'நிரம்பிடுச்சு'ன்னு சரியா கணக்கு வெச்சுக்காது. அதனால சாப்பாட்டோட அளவும் குறையாது.

ரூட் நம்பர் 3: கெட்ட எண்ணெய். வனஸ்பதியில இருக்கிற டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தி நல்லதைக் குறைக்கும், அழற்சியையும் தூண்டும். இந்தியாவுல எண்ணெய், கொழுப்பு வகைகள்ல டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2022 முதல் சட்டமே இருக்கு. ஆனா, ஒரே எண்ணெயைக் காலையில வடைக்கு, சாயங்காலம் சமோசாவுக்கு, மறுநாள் பஜ்ஜிக்குன்னு கறுக்கக் கறுக்கக் காய்ச்சினா, சட்டம் வாணலிக்குள்ள வந்து எட்டிப் பார்க்குமா? நாமதான் பார்க்கணும்.

ரூட் நம்பர் 4: தட்டுல இல்லாதது! இதைத்தான் பலரும் மறந்துடறாங்க. காய், கீரை, பயறு, பழத்துல இருக்கிற நார்ச்சத்து நமக்குச் செரிக்காது. அது நமக்கான சாப்பாடே இல்லை... நம்ம பெருங்குடல்ல குடியிருக்கிற கோடானுகோடி பாக்டீரியாவுக்கான மெஸ்! அதைச் சாப்பிட்டுட்டு அந்த பாக்டீரியா, 'பியூட்டிரேட்' மாதிரி அமிலங்களைத் தயாரிக்கும். குடல் சுவரை உறுதியா வெச்சுக்கிறதும், அலாரத்தோட வால்யூமைக் குறைக்கிறதும் அந்த அமிலங்கள்தான். ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து வேணும். மெஸ் பொரியல்ல ஒரு ஸ்பூன் எடுத்துட்டு, அதையும் தட்டு ஓரமா ஒதுக்கிட்டா, வாடகைக்குக் குடியிருக்கிறவங்களைப் பட்டினி போட்ட பாவம் நமக்குத்தான்!

பாக்கெட் அயிட்டங்களுக்குத் தனி ஆராய்ச்சியே நடந்திருக்கு. 2019-ல் அமெரிக்காவுல கெவின் ஹால்ங்கிற விஞ்ஞானி, 20 பேரை ஆராய்ச்சிக்கூடத்துலயே தங்க வெச்சார். ரெண்டு வாரம் ஃபேக்டரி உணவு, ரெண்டு வாரம் சமைச்ச சாதாரண உணவு. ரெண்டு மெனுவிலும் பரிமாறின சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவெல்லாம் சமம். எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம். ரிசல்ட்? ஃபேக்டரி உணவு வாரங்கள்ல எல்லாரும் ஒரு நாளைக்கு சராசரியா 500 கலோரி கூடுதலா உள்ளே தள்ளியிருந்தாங்க. எடையும் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறிடுச்சு. பாக்கெட்டைப் பிரிச்சா காலி ஆகற வரைக்கும் கை நிற்காது இல்லையா, அதே கதைதான்!

சும்மா பயமுறுத்தறியா?

நியாயமான டவுட். அலாரத்தை அணைச்சா நிஜமாவே நோய் குறையுமா?

2017-ல் 'கான்டோஸ்'னு ஒரு பெரிய பரிசோதனை முடிவு வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேர். கொலஸ்ட்ராலைத் தொடாம, அழற்சியை மட்டும் குறைக்கிற ஒரு ஊசி மருந்து. கொலஸ்ட்ரால் அப்படியே இருந்தும், மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி ஆபத்துகள் 15 சதவீதம் குறைஞ்சது. ஆனா, மருந்து எடுத்தவங்ககிட்ட உயிரைப் பறிக்கிற கிருமித் தொற்றும் கொஞ்சம் கூடியிருந்தது. புரியுதா? அலாரம் வயரையே வெட்டிட்டா, நிஜத் தீ வரும்போது மாட்டிக்குவோம். புத்திசாலித்தனம் எதுன்னா, தீக்குச்சியைக் கிழிக்காம இருக்கிறது. அது தட்டுல இருக்கு.

தட்டை மாத்தினா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம சென்னையே சாட்சி. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் வாசல்ல நின்ன 531 பேரை மூணு வருஷம் கவனிச்சு, 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோட விடப்பட்டவங்கள்ல 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனாங்க. சாப்பாட்டையும் நடையையும் சரிசெஞ்சவங்கள்ல, மாத்திரை எதுவும் இல்லாமலே, அது 39 சதவீதமா குறைஞ்சது. முழுசா தப்பிக்க முடியலைதான். ஆனா, நூறு பேர்ல பதினாறு பேருக்கு ஊசியும் மாத்திரையும் தள்ளிப் போச்சுன்னா, அது சின்ன விஷயமா?

வீட்டுல அப்பாவோ அம்மாவோ மாத்திரை டப்பாவில் திங்கள், செவ்வாய்னு பிரிச்சு வெச்சிருக்காங்களா? அப்போ இந்தப் பாராவை இன்னொரு தடவை படிங்க. பரம்பரைச் சொத்துல நிலம், வீடு வருதோ இல்லையோ, இந்த ரிஸ்க் வந்துடும். ஆனா, அந்தச் சொத்தை எவ்வளவு தூரம் அனுபவிக்கிறதுன்னு முடிவு பண்றதுல நம்ம கையும் இருக்கு!

மெஸ்லயே மேஜிக்!

'ஹாஸ்டல்ல போடறதைத்தான் திங்க முடியும். நான் என்ன அவகாடோவுக்கா போவேன்?' அட, அவகாடோ எதுக்கு? உங்க மெஸ் தட்டே போதும்.

* ஆர்டரை மாத்துங்க: முதல்ல காய், அடுத்து பருப்பு, முட்டை, கடைசியா சோறு. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழக டாக்டர்கள் 2015-ல் சர்க்கரை நோயாளிகள்கிட்ட இதைச் சோதிச்சாங்க. அதே சாப்பாடுதான். காயும் புரதமும் முதல்ல போனப்போ, ஒரு மணி நேரம் கழிச்சு சர்க்கரை அளவு 37 சதவீதம் கம்மி! பதினொரு பேரை வெச்சு நடந்த சின்ன ஆராய்ச்சிதான். ஆனா, நமக்கு இதுல பைசா செலவு இல்லையே!

* கரண்டியை மாத்துங்க: சோத்துல ஒரு கரண்டி குறைச்சு, அந்த இடத்துல ஒரு கரண்டி கூட்டு. சாம்பாரை மேலாக எடுக்காம, அடியில கிடக்கிற பருப்போட சேர்த்துக் கலக்கி ஊத்தச் சொல்லுங்க. மெஸ் மாஸ்டர் முறைச்சா, சிரிச்சு வைங்க!

* சுண்டலுக்கு ஜே: ஒரு கப் வேகவெச்ச கொண்டைக்கடலையில சுமார் 14 கிராம் புரதம், 12 கிராம் நார்ச்சத்து. சமோசாவுக்கு நீளற கையை அந்தப் பக்கம் திருப்புங்க. கூடவே ஒரு கொய்யா. வேகவெச்ச வேர்க்கடலையும் டபுள் ஓ.கே!

* மத்திக்கு மரியாதை: அசைவப் பார்ட்டிகளே, வஞ்சிரத்துக்கு ஏங்காதீங்க. விலை மலிவான மத்தி, கானாங்கெளுத்தியில அழற்சியைத் தணிக்கிற ஒமேகா-3 கொழுப்பு தாராளம். குழம்பா வெச்சா சூப்பர். சைவப் பார்ட்டிகளுக்கு ஆளி விதை, வால்நட் உண்டு. மீன் அளவுக்கு இல்லைன்னாலும், இல்லாததுக்கு இது மேல்.

* பத்து நிமிஷம் நட: சாப்பிட்டதும் கட்டில்ல விழாம, ஹாஸ்டலைச் சுத்தி ஒரு ரவுண்டு. வேலை செய்யற தசை, இன்சுலின் சாவிக்குக் காத்திருக்காம குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கும்.

* தூங்குங்க சாமி: நைட் அவுட் அடிச்சுப் படிக்கறது தொடர்ந்தா, இன்சுலின் பூட்டு இன்னும் துரு பிடிக்கும். மறுநாள் பசியும் எகிறும்.

மஞ்சள் பொடி மந்திரம் செய்யுமா?

'அழற்சியை விரட்டும் அற்புதப் பானம்', 'ஏழே நாளில் டீடாக்ஸ்'னு விளம்பரங்கள் துரத்துது. மஞ்சள்ல இருக்கிற குர்குமின், ஆய்வகத்துல அழற்சியைக் குறைக்கறது நிஜம்தான். சிக்கல் என்னன்னா, சாப்பிட்டா ரத்தத்துல ரொம்பக் கம்மியாத்தான் சேருது. கொஞ்சம் மிளகுச் சத்தைச் சேர்த்துக் கொடுத்தா அது 20 மடங்கு கூடுதுன்னு பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 1998-ல் சொன்னாங்க. மஞ்சளையும் மிளகையும் சேர்த்தே ரசம் வெச்ச நம்ம ஆயாக்களுக்கு ஒரு விசில் போடலாம்!

அதுக்காக, மூணு செட் பரோட்டாவுக்கு மேல ஒரு டம்ளர் மஞ்சள் பால் குடிச்சா கணக்கு நேராகிடாது. எந்த ஒரு பொருளும் ஹீரோ இல்லை, எந்த ஒரு பொருளும் வில்லன் இல்லை. மொத்த தட்டும் சேர்ந்ததுதான் படம். அலாரத்தை அணைக்கிறதா சொல்லி டப்பாவுல ஒரு பவுடர் வித்தாங்கன்னா, காசை பாக்கெட்லயே வெச்சுட்டு நடையைக் கட்டுங்க. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறவங்க, சாப்பாட்டைப் பெரிசா மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

டேப்பைத் தேடுங்க!

(பெட்டிச் செய்தி)

தையல் டேப் ஒண்ணு போதும். மூச்சை வெளியே விட்டுட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல சுத்தி அளங்க. வயித்தை எக்கக் கூடாது... போட்டோவா எடுக்கறோம்? ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். எட்டிடுச்சுன்னா, உள்ளே ஃபேக்டரி திறந்துட்டாங்கன்னு அர்த்தம். அப்பா, அம்மாவுக்கு சர்க்கரை நோய் இருந்தா, ஹெச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனை செய்யலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அது 5.7-லிருந்து 6.4-க்குள்ள இருந்தா வாசல்படி, 6.5-ஐத் தொட்டா உள்ளே வந்தாச்சு.

கடைசியா, ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்டா ஒரு விஷயம் சொல்லிக்கிறேன். இரும்புக் கம்பியை ஒரே தடவை வளைச்சா உடையாது. அதே இடத்துல லேசா, திரும்பத் திரும்ப வளைச்சுப் பாருங்க... பட்டுனு தெறிக்கும். இதுக்கு 'ஃபேட்டிக் ஃபெயிலியர்'னு பேர். கண்ணுக்குத் தெரியாத விரிசல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளி வளரும். நாள்பட்ட அழற்சியும் அப்படித்தான். பர்த்டே பார்ட்டியில வெட்டின கேக்கோ, மேட்ச் ஜெயிச்ச ராத்திரி அடிச்ச பரோட்டாவோ ஆளைச் சாய்க்காது. நானூறாவது பரோட்டாவும், ஆயிரமாவது டீயும்தான் கணக்கு.

கம்பிக்கு விரிசல் விட்டா தானா கூடாது. உடம்பு அப்படியில்லை. வளைக்கிறதை நிறுத்தினா, இந்த வயசுல நிறையவே தன்னைத்தானே சரி பண்ணிக்கும். இன்னிக்கு மதியம் மெஸ்ல பொரியல் என்னன்னு பாருங்க. ஒரு கரண்டி கூடக் கேளுங்க. முட்டைக்கோஸா இருந்தாலும் பரவாயில்லை பாஸ்!